அப்பா ஸ்கிராப்புக்குப் போன வருடம்

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, வீட்டில் எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்று பெற்ற பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கிற வயது நமக்கு. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், பரணில் கிடந்ததையெல்லாம் கீழே இறக்கி, "எல்லாம் ஸ்கிராப்மா" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். போனில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் பச்சை டீ-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் கையடக்கத் தராசோடு வாசலில் வந்து நின்றான். நல்ல மரியாதையான பையன். அம்மிக் குழவியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கல்லுங்க ஆன்ட்டி, எங்க லிஸ்ட்லயே இல்ல என்று பவ்வியமாகத் திருப்பி வைத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சிரிப்புதான் வரும். காரணம் இருக்கிறது.

எங்கள் குடும்பம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தது. மழையே பார்க்காத கரிசல் காட்டிலிருந்து வந்து, தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கட்டியாக உறைகிற ஊரில் இறங்கினோம். சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீடு. வரிசையாக ஆறு வாசல், பின்னால் ஒரு கிணறு. அப்பா கம்பெனியில் லேத் ஓட்டினார். இரும்புத் தண்டை மிஷினில் மாட்டி, கடைந்து, வழவழவென்று பளபளக்க எடுத்து வைக்கிற வேலை. அந்த மிஷினைப் பற்றி அவர் பேசும்போது மாமியார் வீட்டில் சீராக வந்த காளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஸ்கிராப் என்ற சொல்லை ஏ, பி, சி, டி படிக்கும் முன்பே நான் படித்துவிட்டேன். அளவு தப்பிப்போன சாமானுக்குக் கம்பெனியில் சிவப்புப் பெயின்ட் தடவிவிடுவார்கள். பெயின்ட் தடவியதை மறுபடி யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்கு அது அடையாளம். அப்புறம் அது சிவப்புத் தொட்டி, அங்கிருந்து பின்பக்கத்து யார்டு, யார்டிலிருந்து லாரி. லாரி ஏறியது எங்கே போகும் என்று கேட்டால், "உருக்கிருவாங்க" என்பார் அப்பா. வீட்டிலும் அவருக்கு அதே பேச்சுதான். தீய்ந்த தோசை ஸ்கிராப். என் கையெழுத்து ஸ்கிராப். ஒருமுறை பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன எங்கள் பெரியப்பாவைக்கூட, பஸ் கிளம்பின பிறகு, "ஒண்ணுக்கும் ஆகாத ஸ்கிராப்பு" என்றார். அம்மா அதைக் கேட்டு வாய் பொத்திச் சிரித்தாள்.

ஊரிலோ அந்த வார்த்தைக்கு வேறு வேறு மரியாதை. எங்கள் வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். வாடகைக்கு இருப்பவர்கள் முற்றத்தில் எதை வைத்தாலும், "ஏமா, இந்த ஸ்கிராப்ப எடுங்கம்மா" என்பார். ஆனால் அவர் வீட்டு வேலியே ஸ்கிராப்தான். பிரஸ் மிஷினில் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தது போக மிஞ்சும் ஓட்டைத் தகடுகளை வாங்கி வந்து, வீட்டைச் சுற்றி நிறுத்தியிருந்தார். காலை வெயில் அந்த ஓட்டைகள் வழியாக விழுந்து, முற்றம் முழுக்க வட்ட வட்டமாக வெளிச்சம் கிடக்கும். நாங்கள் அதில் கால் படாமல் தாண்டிப் பள்ளிக்கூடம் போவோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வைத்த பெயரும் ஸ்கிராப். அந்தப் பெஞ்சில் இருந்த ஒருத்தன்தான் இன்று அரசுக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறான் என்று நான் சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் மத்தூரில் நிம்மதியாக மாங்காய் மண்டி வைத்திருக்கிறான்.

எங்கள் தெருவில் முதல் டெலிபோனும் முதல் காரும் வந்தது யார் வீட்டுக்கு? ஸ்கிராப் கான்ட்ராக்ட் எடுத்தவர் வீட்டுக்கு. எல்லோரும் வேண்டாமென்று தள்ளியதை அள்ளிக்கொண்டு போனவரைப் பார்த்து, எல்லோரும் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் "குஜிரி, குஜிரி" என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு பழைய சாமான் வாங்க வருகிற ஆளையோ ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேரும் செய்தது ஒரே தொழில்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆடி மாதத்தில், மிஷினிலிருந்து ஒரு பிசிறு தெறித்து அப்பாவின் இடது கண்ணில் பட்டது. கண் போய்விடவில்லை. ஆனால் கட்டு பிரித்த பிறகும் அந்தக் கண்ணுக்கு எல்லாம் பனிக்குள் இருப்பது போலத்தான் தெரிந்தது, சும்மா இருக்கும்போதும் நீர் வடிந்தது. ஆவணி பிறந்ததும் பழையபடி சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மிஷின் எப்படி இருக்கு என்று அம்மா கேட்டாள். அதுக்கென்ன, நல்லாத்தான் ஓடுது என்றார்.

அது பொய் என்பதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டுப் பெண். என் வகுப்புதான். அவளுடைய அப்பாவும் அதே கம்பெனி, அதே ஷெட். நாங்கள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, நொண்டியடித்தபடியே சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"உங்கப்பா இப்ப மிசுன்ல இல்ல. ஸ்கிராப்புல போட்டுட்டாங்களாம். அந்த மிசுன எங்கப்பாதான் ஓட்டறாரு. உங்கம்மாக்கு மட்டும் தெரியக் கூடாதாம்."

நீங்கள் சிரிக்கக் கூடாது. அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் நான் செய்த முதல் வேலை, அவர் முதுகிலும் கையிலும் சிவப்புப் பெயின்ட் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததுதான். ஸ்கிராப்பில் போட்டதெல்லாம் கடைசியில் லாரி ஏறும் என்று அவர்தானே சொல்லிக் கொடுத்திருந்தார். லாரி வருகிற நாள் எது என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் விசாரித்துக்கூட வைத்தேன். அந்த நாளில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்கிற வரை எனக்குச் சோறு இறங்காது.

நான் பயந்தது முழுக்க முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தீபாவளியோடு கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டார். இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அம்மா துடுப்பை நிறுத்தவில்லை. ஊர்ல என்ன இருக்கு என்று மட்டும் கேட்டாள்.

ஊரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. என் வயது அத்தைப் பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டு அங்கேதான் கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லீவுக்குப் போனால் அவர்கள் விரலில் மருந்து வாசனை அடிக்கும். ஓசூரை விட்டால் நானும் அங்கே போய் உட்கார வேண்டியதுதான். அப்பா மிஷினில் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்தால் அவளும், சரி போவோம் என்று சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு. ஆகவே அந்த ரகசியத்தை அப்பாவை விடப் பத்திரமாக நான் காப்பாற்றினேன்.

அப்பா அந்த நாட்களில் ரொம்ப மாறிப்போனார். தோசை தீய்ந்தால் பேசாமல் சாப்பிட்டார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். ஸ்கிராப் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருமுறை கூட வரவில்லை. மற்றவர்கள் சொன்னால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். அதைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

புரட்டாசி வந்தது. ஓசூரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஊருக்குப் பெரிய பண்டிகை ஆயுத பூஜைதான். கம்பெனிகள் எல்லாம் கழுவி விட்டு, வாழை மரம் கட்டி, மிஷின்களுக்குச் சந்தனம் பூசி, அன்று ஒருநாள் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். கணவன் எங்கே நின்று வேலை செய்கிறான் என்று மனைவி வருடத்தில் ஒருமுறை பார்க்கிற நாள். ஒவ்வொருத்தரும் தன் மிஷின் பக்கத்தில் புதுச் சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி நிற்பார்கள். பெண்கள் அந்த மிஷினுக்குத் தங்கள் கையால் பூ வைப்பார்கள்.

அப்பா முதலில், இந்த வருடம் போக வேண்டாம், கூட்டம் அதிகம் என்று சொல்லிப் பார்த்தார். நான் வயிற்று வலி என்று பார்த்தேன். அம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை. வழக்கமாகக் கம்பெனிக்கு வரக் கூச்சப்படுகிறவள், அந்த வருடம் மட்டும் முதல் நாளே சந்தையிலிருந்து சாமந்திச் சரத்தை வாங்கி வந்து தண்ணீர் தெளித்து வைத்தாள். ஒரு மிஷினுக்கு இவ்வளவு பூவா என்று வீட்டுக்காரம்மாவே கேட்டார். இருக்கட்டும் என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கிணற்றடியில் அவர்கள் பேசியதை நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கேட்டேன். குடும்பங்கள் வருகிற நேரத்துக்கு அப்பா பழைய மிஷினில் நின்றுகொள்வது, மாமா தள்ளிப்போய் வேறொரு மிஷின் பக்கத்தில் நிற்பது. மாமாவுக்கு அப்பாவின் மிஷினை ஓட்டுகிறோமே என்ற சங்கடம் ஏற்கெனவே இருந்தது.

"அது எப்பவும் உன் மிசுன்தாண்ணா," என்றார் அவர். "நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன், அவ்ளோதான்."

அன்று கம்பெனி பஸ்ஸில் போனோம். ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஊதுபத்தி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. தலைக்கு மேலே வண்ணக் காகிதத் தோரணம். அப்பா ஏற்பாட்டின்படியே மிஷின் பக்கத்தில் நின்றார், கையை அதன் மேல் வைத்துக்கொண்டு. எதிர்வீட்டு மாமா இரண்டு மிஷின் தள்ளி, கூரையைப் பார்த்தபடி நின்றார். அவர் மனைவி அவரிடம், இதுவா உங்க மிசுன், போன வருசம் வேற எடம் காட்டினீங்களே என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நான் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நிதானமாக மிஷினுக்குப் பொட்டு வைத்தாள். பூ வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். சரத்தில் பாதிதான் செலவாகியிருந்தது. மீதியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அப்பாவிடம் திரும்பினாள்.

"சரி, இப்ப ஒங்க எடத்தக் காட்டுங்க. அங்கயும் பூ வைக்கணும்ல."

அப்பாவின் கை மிஷினை விட்டுத் தானாகக் கீழே இறங்கியது. எதிர்வீட்டு மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். அப்பா முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். கேன்டீன் தாண்டி, பாய்லர் தாண்டி, தோரணமே இல்லாத ஒரு தகரக் கொட்டகை.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் வாழ்நாளில் அவ்வளவு அழகான இடத்தைப் பார்த்ததில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. லேத்தில் கடையும்போது சீவி விழுகிற இரும்புச் சுருள்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. சூட்டில் நிறம் மாறி நீலமாக, ஊதாவாக, வைக்கோல் நிறத்தில், சுருட்டை சுருட்டையாக. அந்தப் பக்கம் பித்தளைத் தூள் தனிக் குவியல், மஞ்சளாக மின்னியது. இன்னொரு மூலையில் பிரஸ்ஸில் வெட்டி விழுந்த வட்ட வில்லைகள், ஆயிரமாயிரம் காசு கொட்டினது போல. சிவப்புப் பெயின்ட் தடவிய தண்டுகளை ஒரு பக்கமாக யாரோ விறகு மாதிரி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். எதுவும் எதனோடும் கலக்கவில்லை. யாரோ என்ன யாரோ, எல்லாம் அப்பா அடுக்கியதுதான். இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டா இந்த மனிதர் இரண்டு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று.

கொட்டகையில் இருந்த ஒரே கருவி ஒரு பெரிய பிளாட்பாரத் தராசு. அப்புறம் ஒரு தள்ளுவண்டி. அம்மா தன் முந்தானையாலேயே தராசைத் துடைத்து, பொட்டு வைத்து, மீதிப் பூவை அதற்குச் சுற்றினாள். பைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து, தள்ளுவண்டியின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். அப்பா ஒரு தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"மொத வாரமே தெரியும்," என்றாள் அம்மா. "மிசுன்ல நின்னா சட்டையில எண்ணெக் கற வரும். ஆவணியிலருந்து துருக் கறயா வருது. அது எலுமிச்சம்பழம் தேச்சாத்தான் போகும். வாரா வாரம் எதுக்கு இம்புட்டுப் பழம் வாங்குறேன்னு ஒரு நாளாவது கேட்டீகளா?"

பிறகு ஏன் கேட்கவில்லை என்றார் அப்பா. நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள். சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் பூ வாங்கினேன் என்றாள்.

அப்பா இரும்புக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடியும் என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"என்னயத் தூக்கி எறிஞ்சிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"எறிஞ்சா வெளியிலதான எறிஞ்சிருப்பாங்க. உள்ளதான வச்சிருக்காங்க," என்றாள் அம்மா.

இப்போது யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி என்று தெரிகிறது. ஒன்றரைக் கண்ணோடு லேத் முன்னால் நிறுத்தினால் இன்னொரு கண்ணும் போகும் என்று ஃபோர்மேன் பயந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பவும் மனமில்லை. யார்டில் போட்டுக் காப்பாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார், கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டார்களே தவிர, இதைப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆம்பிளைகள் பேசிக்கொண்டால் கிரீடம் இறங்கிவிடும் அல்லவா. நான் மட்டும் என்ன கிழித்தேன், வாயை மூடிக்கொண்டு பெயின்ட் தேடினேன். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தது, மூன்று பேரும் மற்ற இருவருக்குத் தெரியாமல் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

அன்று என் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்த வில்லைகளை ரொம்ப நாள் ஒரு மால்ட் டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு நீலச் சுருளும் எடுத்து வந்தேன், முழ நீளம் இருக்கும். ஒரு மழைக்காலத்திலேயே அது துருப்பிடித்து உதிர்ந்துபோயிற்று. வில்லைகள் எந்த வீடு மாறியபோது போயின என்று தெரியவில்லை.

திரும்பும்போது கேட்டில் ஒரே நெரிசல். இனிப்புப் பெட்டியும் பொரிப் பொட்டலமும் செக்ஷன் வாரியாகப் பிரித்து மேஜைமேல் அடுக்கியிருந்தார்கள். வாட்ச்மேன் ஒவ்வொருத்தரையும் எந்த செக்ஷன் என்று கேட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் டூல் ரூம் என்றார்கள், பெயின்ட் ஷாப் என்றார்கள். பின்னால் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன்.

"ஸ்கிராப் யார்டு," என்றார் அப்பா. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாமா மட்டும் பெரிதாக மூச்சு விட்டார். வாட்ச்மேன் கீழே குனிந்து ஒரு பெட்டியையும் பொட்டலத்தையும் எடுத்து, எண்ணிப் பார்த்து, பிள்ளைக்கு என்று இன்னொரு பொட்டலமும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். என் அத்தைப் பெண்களோடு இன்னும் இரண்டு நாள் இருக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். அப்பா கேட்கவில்லை. லீவு முடியும் முன்னாலேயே எல்லோரையும் கிளப்பி ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஸ்கிராப் லாரி வருகிற நாளாம், தான் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கலந்து கட்டிவிடுவார்களாம்.